பன்னிரண்டே முக்காலுக்குக் காலியாகும் பள்ளிக்கூடம்

பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடித்தது. கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்த கணக்கின் விடையை எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், வகுப்பில் ஒரு பெண்கூட இல்லை.

வாசலுக்கு வந்தேன். பக்கத்து வகுப்பு காலி. அதற்கடுத்த வகுப்பும் காலி. கேட்டுக்கு வெளியே தெருவில் தாவணிகளும் இரட்டைப் பின்னல்களும் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே குடை பிடித்தபடி ஆசிரியைகள். எங்கேயாவது நெருப்பு பிடித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

கடைசியாகக் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தவர் தையல் டீச்சர் கோமளா. ஓடிப்போய், "எல்லாரும் எங்க போறாங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாப்பிடத்தான். மணி அடிச்சுடுத்தே!" என்று சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார்.

இந்தத் தொடரில் சென்ற வாரம், டிரங்குப் பெட்டியும் கையுமாகச் சத்திரம் பஸ் நிலையத்தில் நான் வந்து இறங்கியதோடு நிறுத்தியிருந்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர் என்னுடையது. எழுபதுகளின் நடுவில் கணக்கு டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்தது. தங்குவது மேலப்புதூரில், கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் விடுதியில். வேலை பார்ப்பது காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில். லூர்து மேரி என்ற பெயரோடு நான் அங்கே போய் நின்ற முதல் நாள்தான் மேலே சொன்னது.

விஷயம் ஒன்றுமில்லை. கோயிலைச் சுற்றித்தான் தெருக்கள், தெருக்களில்தான் வீடுகள். எந்த வீட்டிலிருந்தும் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து நிமிடம். அதனால் மத்தியானம் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சுடச்சுடச் சாப்பிட்டு, ஒரு கோழித் தூக்கமும் போட்டுவிட்டு இரண்டு மணிக்குத் திரும்புவார்கள். டிபன் பாக்ஸ் என்றால் அந்த ஊரில் ரயில் பயணத்துக்குக் கொண்டுபோகிற சாமான்.

என் கையில் இருந்தது டிபன் பாக்ஸ். விடுதியில் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதம். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து திறந்தேன். ஊரே அடங்கிக் கிடந்தது. நான் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்டது. அழுகை வந்துவிட்டது. சாப்பாட்டின் மேல் கண்ணீர் விழக்கூடாது என்பார் என் அம்மா. அதனால் பாக்ஸை மூடி வைத்துவிட்டு அழுதேன்.

தண்ணீர் ஒத்துக்கொள்ளாத நால்வர்

வேலையில் சேர்ந்த அன்று காலை தலைமையாசிரியை என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மாசம் இருப்பீங்க?" என்பதுதான்.

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு டைம்டேபிள் போட வேண்டும். எனக்கு முன்னால் குறுகிய காலத்தில் நான்கு கணக்கு டீச்சர்கள் வந்து போயிருந்தார்கள். எல்லோரும் வெளியூர். ஒருத்திக்குக் காவிரித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஒருத்திக்கு பஸ் நெரிசல் தாங்கவில்லையாம். ஒருத்திக்குக் கல்யாணம். நாலாமவளுக்கு ஏன் என்றே யாருக்கும் தெரியாது. "ஒரு திங்கக்கிழமை வரலைங்க, அவ்வளவுதான்" என்றார் தலைமையாசிரியை.

"நான் இருப்பேங்க" என்று வீறாப்பாகச் சொன்னேன். மூன்றாவது வாரமே, சொந்த ஜில்லாவுக்கு மாற்றல் வேண்டும் என்று மனு எழுதி அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் படித்தார். "மேல அனுப்பணும். பார்க்கலாம்" என்று ஒரு ஃபைலுக்குள் செருகினார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதுதான் எனக்கு ரொம்பச் சுட்டது.

அன்றைக்கே அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். அம்மா சேதியைத் தெருவுக்கே பரப்பிவிட்டார். மாதா கோயில் பூசைக்குப் போன இடத்திலும் சொன்னார், மீன்காரியிடமும் சொன்னார். என் கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டாயிற்று என்று தம்பியைக் கொண்டு பதில் எழுதவைத்தார். போகப்போகிறேன் என்று முடிவானபிறகு மத்தியானங்கள் கொஞ்சம் சுலபமாயின. நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

யார்மீதும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெண்கள் தங்கமானவர்கள். வகுப்பில் வாய் தவறி எங்கள் ஊர்ப் பேச்சில் நான் "ஏட்டி" என்று கூப்பிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், ஆனால் கணக்கை ஒழுங்காகப் போட்டுவிடுவார்கள். ஆசிரியைகள் பண்டிகைக்கு மறுநாள் முறுக்கும் தேங்குழலும் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார்கள். தலைக்கு வைக்கக் கதம்பம் கொடுப்பார்கள். ஆனால் ஒருத்தர்கூட, "இன்னிக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்று சொன்னதில்லை.

ரொம்ப நாள் கழித்துக் கோமளா டீச்சரே இதை என்னிடம் உடைத்துப் பேசினார். "கூப்பிட ஆசைதான். ஆனா எங்காத்துல மடி, ஆசாரம்னு ஆயிரம் இருக்கு. உங்களை எங்க உட்கார வைக்கிறது, எப்படிப் பரிமாறறது? வந்த இடத்துல நீங்க மனசு சங்கடப்படப்போறேளேன்னுதான் கூப்பிடலை." அவர் சொன்னதில் உண்மை இருந்தது. இரண்டு வீடுகளில் எனக்குத் தண்ணீர் கொடுத்த தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன். பார்க்காததுபோல் திரும்பி வந்தேன். அது வலித்தது. இன்றும் நினைத்தால் வலிக்கத்தான் செய்கிறது.

நானும் ஒன்றும் திறந்த புத்தகமாக இருந்துவிடவில்லை. புதன்கிழமை தோறும் விடுதியில் கருவாட்டுக் குழம்பு. அன்றைக்கு ஆசிரியர் அறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டுதான் பாக்ஸைத் திறப்பேன். சாப்பிட்ட பிறகு ஜன்னலையெல்லாம் விரியத் திறந்து, பரீட்சைத் தாளால் விசிறிக்கொண்டு நிற்பேன்.

நாங்கள் சிரித்த பெண்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

நான் ஆறாவது படித்தபோது பர்மாவிலிருந்து வந்த ஒரு பெண்ணை எங்கள் வகுப்பில் சேர்த்தார்கள். அங்கிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்த சமயம். ரோஸி என்று பெயர். கன்னத்தில் சந்தனம் மாதிரி எதையோ அரைத்துப் பூசிக்கொண்டு வருவாள். மத்தியானம் எனாமல் அடுக்கைத் திறந்தால் நூல் நூலாக ஒரு பண்டம் இருக்கும். எங்களில் யாரோ அதற்குப் புழு என்று பெயர் வைத்தார்கள். யாரோ என்ன, நான்தான் வைத்தேன்.

அவள் ஒருநாளும் அழவில்லை. சண்டைக்கும் வரவில்லை. அடுக்கைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் பின்னால் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். மூன்று மாதமோ நான்கு மாதமோ. ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் இடத்தில் எங்கள் பைகளை வைத்துக்கொண்டோம்.

ஏன் போனாள் என்று எந்த டீச்சரும் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கும் எங்கள் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஏழரை மார்க் புளியோதரை

காலாண்டுப் பரீட்சைக்குச் சற்று முன்னால் மனையியல் டீச்சர் பிரசவ விடுமுறையில் போனார். அவர் நடத்த வேண்டிய சமையல் செய்முறைத் தேர்வு என் தலையில் விழுந்தது. "டப்பா டீச்சருக்குத்தான் மத்தியானம் வீட்டுக்குப் போற வேலை இல்லையே" என்றார் தலைமையாசிரியை. எனக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பதே அன்றுதான் தெரியும்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஓடு வேய்ந்த சமையல் கொட்டகை. ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவுப் பெண்கள் முப்பது பேர், ஐந்தைந்து பேராக ஆறு அடுப்பு. புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், கதம்ப சாதம், ததியோன்னம், திருக்கண்ணமுது. கடைசி இரண்டையும் எங்கள் ஊரில் தயிர்ச்சோறு, பாயாசம் என்போம். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பெண்கள் வேலை செய்த அழகைப் பார்க்க வேண்டும். பேச்சுச் சத்தமே இல்லை. வாசனை மட்டும் ஊரைத் தூக்கியது.

எல்லாம் இறக்கியாயிற்று. நான் கணக்கு டீச்சர் அல்லவா, மார்க் என்றால் சும்மா பார்வையாகப் போட மனம் வராது. கையில் நோட்டு, மறுகையில் கரண்டி. முதல் பானையிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். "உப்பு கொஞ்சம் கம்மி. ஏழரை." அடுத்த பானை. "நெய் தாராளம். எட்டு." கரண்டியைக் கழுவிக் கழுவித்தான் எடுத்தேன், அதுவரைக்கும் எனக்குச் சுத்தம் தெரியும். ஆறு பானையும் முடித்து நிமிர்ந்தால், முப்பது பெண்களும் சிலை மாதிரி நிற்கிறார்கள்.

"என்னம்மா? மார்க் பத்தலையா?"

ஒருத்தி கண்ணில் தண்ணீர்கூடத் துளிர்த்திருந்தது. வகுப்புத் தலைவி ரங்கநாயகி கையில் ஒரு சின்னத் தட்டு வைத்திருந்தாள். அதில் ஆறு துளசி இலை.

"ஒண்ணுமில்லை டீச்சர்" என்றாள்.

"ஒண்ணுமில்லாததுக்கா எல்லாரும் இப்படி நிக்கிறீங்க? சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "பெருமாளுக்கு முன்னாடி வச்சுக் கண்டருளப் பண்ணினப்புறம்தான் டீச்சர் நாங்க வாயில வைப்போம். அதுக்கு முன்னாடி யாரும் ருசி பார்க்கப்படாது. மோந்துகூடப் பார்க்க மாட்டோம். இப்போ இதைப் பெருமாளுக்குப் பண்ண முடியாது. அதனால நாங்களும் சாப்பிட முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. முதலில் வந்த எண்ணம் நல்ல எண்ணமல்ல. "நான் தொட்டதாலயா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

ரங்கநாயகி பதறிப்போனாள். "ஐயோ, இல்லை டீச்சர்! எங்கம்மா ருசி பார்த்தாலும் இதேதான். போன வருஷம் எங்க அத்தை மறந்துபோய்ப் புளிக்காய்ச்சலை நாக்குல வச்சுட்டா. தாத்தா அவ்வளவையும் எடுத்து வைக்கச் சொல்லி, மறுபடி அடுப்பு மூட்டித் தளிகை பண்ணச் சொன்னார். மணி மூணு ஆயிடுத்து சாப்பிட."

அவள் முகத்தைப் பார்த்தால் அது பொய்யில்லை என்று தெரிந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வேறொரு சங்கடம். அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடு என்று முப்பது பெண்களும் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். நான் ஒருத்தி ஆறு பானையையும் வரிசையாகக் கெடுத்திருக்கிறேன். ஒரு பானையோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, அத்தனை கடமை உணர்ச்சி!

மணி அடித்தது. பெண்கள் வீட்டில் போய் என்ன சொல்லிச் சாப்பாடு கேட்டார்களோ தெரியாது. கொட்டகையில் நானும் ஆறு பானையும்தான் மிச்சம்.

வகுப்புக்கு ஒருத்தி

இவ்வளவையும் வீணாக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் யாராவது இருக்க மாட்டார்களா என்று தேடிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக, மத்தியானத்தில் வராந்தாவைச் சுற்றி வந்தேன். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, என் சொந்த வகுப்பு. தேசப்படம் மாட்டுகிற ஸ்டாண்டுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தால், செல்லம்மா.

பச்சைமலையிலிருந்து வந்த பெண். அவள் ஊருக்கு பஸ் போவதே அபூர்வம். எட்டாவதுக்கு மேல் படிக்க வேண்டும் என்று, கொள்ளிடக்கரைப் பக்கம் வாழைத் தோப்பில் வேலை பார்த்த அக்கா வீட்டுக்காரரிடம் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். தோப்பு அரைமணி நேர நடை, மத்தியானம் போய்வர முடியாது. என்னைப் பார்த்ததும் தூக்குச்சட்டியைச் சட்டென்று தாவணிக்குள் மறைத்தாள்.

"சாப்பிடும்மா, எதுக்கு மறைக்கிறே?"

"சாப்பிட்டாச்சுங்க டீச்சர்" என்றாள், வாய் நிறையச் சோற்றோடு.

சாமைச் சோறும் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும். வகுப்பில் யாரோ பார்த்து என்னவோ கேட்டிருக்கிறார்கள். கெட்ட வார்த்தை ஒன்றும் கிடையாது, "இது என்னது?" என்று மட்டும்தான். அன்றிலிருந்து ஸ்டாண்டுக்குப் பின்னால் சாப்பிடுகிறாள்.

எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. தினமும் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மத்தியானம் எங்கே சாப்பிடுகிறாய் என்று ஒருநாள் கேட்டதில்லை. என்னை யாருமே கேட்கவில்லை என்று ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த மகராசி நான்.

அவளையும் கூட்டிக்கொண்டு மற்ற வகுப்புகளுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு போலீஸ்காரர் மகள். ஆய்வுக்கூடத்துப் பின்வாசலில் அக்கா தங்கை இரண்டு பேர், அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒருத்தி. இப்படி வகுப்புக்கு ஒருத்தியாக ஒன்பது பேர் தேறினார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் டப்பா கொண்டுவருவது தான் மட்டும்தான் என்று, அந்த அக்கா தங்கையைத் தவிர, ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்தோம். முதல் ஐந்து நிமிடம் அவரவர் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு புளியோதரை பேசவைத்தது. என் மார்க் நோட்டை எட்டிப் பார்த்துப் போலீஸ்காரர் மகள்தான் ஆரம்பித்தாள். "டீச்சர், இதுக்கா ஏழரை? அநியாயமா இருக்கே!" எல்லோரும் சிரித்தார்கள். மார்க்கை எட்டரையாகத் திருத்தினேன். திருக்கண்ணமுதுக்கு ஒன்பதரை. செல்லம்மா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் மணி அடித்ததும் நான் ஆசிரியர் அறைக்குப் போகவில்லை. கொட்டகைக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே ஒன்பது பேரும் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் வரச்சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இரண்டாம் வாரம் ரங்கநாயகி ஒரு பளபளப்பான டிபன் பாக்ஸோடு வந்து நின்றாள். "ஆத்துல பெருமாளுக்கு ஆச்சு டீச்சர். நானும் இங்கேயே உட்கார்ந்து சாப்பிடட்டுமா?" என்றாள். அவளைப் பார்த்து இன்னும் ஐந்தாறு பேர். வீட்டில் சுடச்சுடச் சாதம் இருக்க, ஆறிப்போனதை டப்பாவில் அடைத்துக்கொண்டு போவேன் என்று பெண் அடம்பிடிக்கிறாள் என்று அம்மாக்கள் தலைமையாசிரியையிடம் புகார் கொண்டுவந்தார்கள். அவர் ஒரு மத்தியானம் கொட்டகை வாசலில் வந்து நின்று எங்களைப் பார்த்தார். தடை எதுவும் போடவில்லை.

செல்லம்மா ஒருநாள் ரங்கநாயகிக்கு இரண்டு பச்சை மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் அது அப்படியே திரும்பி வந்தது. "எங்க பெருமாளுக்கு இந்தக் கிழங்கு பழக்கமில்லையாம், அம்மா சொல்லிட்டா" என்றாள் ரங்கநாயகி, மிகுந்த வருத்தத்தோடு. செல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கருவாட்டை மட்டும் நான் அந்த வட்டத்தில் திறந்ததில்லை. புதன்கிழமை விடுதியில் ரொட்டி வாங்கிக்கொண்டேன். அது பயமா, மரியாதையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாமா வேலையை விட்டு வந்த நாள்

காலாண்டு விடுமுறை முடிந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் கொட்டகையில் செல்லம்மாவைக் காணோம். தேடிக்கொண்டு வந்தால், தலைமையாசிரியை அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்காரர்.

"டி.சி. வாங்க வந்தோமுங்க. புள்ளைக்கு இங்க ஒத்துக்கலையாம். மலைக்கே கொண்டுபோய் விட்டுடலாம்னு" என்றார் அவர்.

நான் செல்லம்மாவைத் தூணுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "ஏட்டி, நெசமாவே போறியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அது அப்பவே கேட்டது டீச்சர். நாமல்லாம் ஒண்ணா சாப்பிட ஆரம்பிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. நான்தான் போறேன்னு அழுதேன். மாமாவுக்கு இன்னிக்குத்தான் தோப்புல லீவு கொடுத்தாங்க."

"இப்பவும் போகணும்னு இருக்கா?"

தரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள், இல்லை என்று. "ஆனா சொல்லிட்டேனே டீச்சர். அப்பாவுக்கும் ஆள்விட்டுச் சொல்லியாச்சு. மாமா வேலையை விட்டுட்டு வந்துட்டாரு. இப்பப் போய் எப்படி வேண்டாங்கறது?"

நேரே தலைமையாசிரியை அறைக்குள் போனேன். அனுமதிகூடக் கேட்கவில்லை. மேசையில் டி.சி. எழுதித் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி.

"அந்தப் பொண்ணு போக வேண்டாங்க. அவளுக்கே இஷ்டமில்லை. சொல்லிட்டோமேன்னு கூச்சப்பட்டுக்கிட்டுப் போறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்க மாமா கேப்பாரு. நல்லாக் கணக்குப் போடுற புள்ளைங்க அது. இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிட்டு இருந்துட்டா எல்லாம் பழகிடும்."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்து டி.சி.க்குப் பக்கத்தில் வைத்தார். என் கையெழுத்து. என் மாற்றல் மனு.

"இன்னும் அனுப்பலையா நீங்க?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேலே எங்கேயோ நகர்ந்துகொண்டிருக்கிறது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

"இதுக்கு முன்னாடி மனு கொடுத்தவங்களோடதை அன்னன்னிக்கே அனுப்பினேன். எல்லாரும் போயிட்டாங்க. உங்களோடது மட்டும் கொஞ்ச நாள் கிடக்கட்டும்னு வச்சேன். தப்புதான். வேணும்னா இப்பவே அனுப்பறேன்." அவர் குரல் உயரவே இல்லை. "ஆனா ஒண்ணு கேக்கறேன். அவளை இருன்னு சொல்றீங்களே, நீங்க இருக்கப் போறீங்களா?"

மேசையில் கிடந்த என் கையெழுத்தையே பார்த்தேன்.

அம்மாவை நினைத்தேன். கடல்காற்றை நினைத்தேன். ஏட்டி என்றால் யாரும் சிரிக்காத ஊரை நினைத்தேன். தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாரே, இப்போது வரவில்லை என்று எப்படி எழுதுவது என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. மாற்றல் வேண்டும் என்று என் மனசு கேட்டே பல வாரம் ஆகியிருந்தது. சொல்லிவிட்டோமே என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நானும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கூச்சம் என்று வக்காலத்து வாங்க வந்த எனக்கும் அதே கூச்சம்தான்.

"ரெண்டையும் கொடுங்க" என்றேன்.

"உங்களோடது முதல்ல" என்றார் அவர்.

கிழித்தேன். அம்மாவுக்குச் செய்கிற துரோகம் மாதிரி இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. டி.சி.யைத் தலைமையாசிரியையே வாங்கிக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பிவிட்டார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

வெளியே வந்து செல்லம்மாவிடம் சொன்னேன். என் மனுவைப் பற்றியும் சொன்னேன். அவள் கண் அகலமாகியது.

"நீங்களும் போறதா இருந்தீங்களா டீச்சர்?"

"ஆமா."

"எப்பலேருந்து?"

"வந்த மூணாவது வாரத்துலேருந்து."

அவள் நேரே மாமாவிடம் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "டி.சி. வேண்டாம் மாமா. நான் இங்கேயே படிக்கிறேன்" என்றாள்.

அவர் பாவம், ஒன்றும் புரியாமல் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை நேத்து ராத்திரியே சொல்லியிருக்கலாம்ல புள்ளை? ஒரு நாள் வேலையைக் கெடுத்துட்டு நடந்து வந்திருக்கேன்."

"நேத்து தெரியாதே மாமா" என்றாள் செல்லம்மா. "போயிடணும்னு நெனக்கிறது நான் ஒருத்திதான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அது சரி. மணி என்ன ஆச்சு, ரெண்டு பேரும் போய் மொதல்ல சாப்பிடுங்க" என்றார்.